தனியே போனால் எரியும் விளக்கு

முத்துப்பாண்டி அண்ணன் இரண்டாவது முறையும் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். ஓடுபாதையில் இறங்கி, விமானத்தை மெல்ல உருட்டிக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் நிறுத்தினார். என் பக்கத்தில் நின்ற செல்வக்குமார், "கதவு வெளக்கு மறுபடியும் எரிஞ்சிருக்கும்க்கா" என்றான். அண்ணன் இறங்கி வந்து சொன்னதும் அதைத்தான். ஆனால் நான் ஏறிப் பார்த்தபோது விளக்கு அணைந்திருந்தது. முதல் முறையும் இப்படித்தான் நடந்தது.

திருமங்கலத்துக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளி. ஓர் ஓடுபாதை, இரண்டு சின்ன விமானங்கள், அவற்றை நிறுத்தத் தகரக் கொட்டகை. நான் அங்கே பராமரிப்புப் பொறியாளர், பெயர் நாகஜோதி. செல்வக்குமார் என்னோடு வேலை பார்க்கும் டெக்னீசியன். விமானத்தில் என்ன கோளாறு வந்தாலும் கண்டுபிடித்துச் சரிசெய்து, இனி பறக்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டியது என் வேலை.

முத்துப்பாண்டி அண்ணன் திருமங்கலத்தில் டிராக்டர் கடை வைத்திருப்பவர். ஐம்பதை நெருங்கும் வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம், டிராக்டரில் இருந்தபடி அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்துவிட்டது என்று பதில் சொல்வார். நன்றாகவே கற்றுக்கொண்டார். லைசென்ஸ் தேர்வுக்கு முன்னால் அவருக்கு மீதமிருந்தது ஒன்றுதான். தனியாக விருதுநகர், சாத்தூர் பக்கம் வரை பறந்து, வழி தப்பாமல் திரும்பி வர வேண்டும். அதை முடித்துவிட்டால் திங்கட்கிழமை வரப்போகும் தேர்வாளர் முன்னால் உட்காரலாம்.

அந்தப் பயணத்துக்குத்தான் இரண்டு முறை கிளம்பினார். இரண்டு முறையும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது, வடக்கே தூரத்தில் திருப்பரங்குன்றம் மலை கண்ணில் படுகிற நேரத்துக்கு, முன் பலகையில் கதவு விளக்கு எரிந்தது. பின்பக்கம் சாமான் வைக்கும் அறையின் கதவு திறந்திருக்கிறது என்று அந்த விளக்குக்கு அர்த்தம். ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்தாலும் அந்தக் கதவு தெரியாது. ஆகவே விளக்கு எரிந்தால் இறங்கிவிட வேண்டும் என்பது விதி. அவர் விதிப்படி நடந்தார். இறங்கிப் பார்த்தால் கதவு சிக்கென்று மூடியிருந்தது.

ஊரில் இது பரவிவிட்டது. டீக்கடையில் அவரைப் பார்த்ததும், "அண்ணே, கதவச் சாத்திட்டு வந்தீகளா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டில் அவர் மனைவி அன்னக்கொடி, பீரோவைப் பூட்டும்போதெல்லாம் எங்காவது விளக்கு எரிகிறதா என்று அவரிடம் விசாரித்தாராம். இதையெல்லாம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிக்க முடியாத இடம் ஒன்று இருந்தது. அது கேப்டன்.

கேப்டன் ஸ்ரீராம்குமார்தான் எங்கள் பயிற்சியாளர். மதுரை நகரத்துக்காரர், முப்பத்தைந்து வயது, பளபளவென்று துடைத்த கறுப்பு ஷூ இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. கறாரானவர், ஆனால் நியாயஸ்தர். இரண்டாவது முறை அண்ணன் திரும்பிய அன்று, கேப்டன் தானே அந்த விமானத்தை எடுத்துக்கொண்டு தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தார். விளக்கு எரியவில்லை. பிறகு அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டச் சொன்னார். அப்போதும் எரியவில்லை.

என்னிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "அவர் தனியா போனா மட்டும் எரியுது. விளக்கு ஆள் பார்த்தா எரியும்? பயம் தப்பில்லை நாகஜோதி. அதைத் தூக்கி விளக்கு மேல போடறதுதான் தப்பு. இன்னொரு தடவை பாதியில திரும்பினார்னா என்னால தேர்வுக்குக் கையெழுத்துப் போட முடியாது."

அண்ணனும் வந்தார். அவர் குரல் தணியவில்லை. "தங்கச்சி, நான் பயந்து திரும்பல. பயந்திருந்தா பயந்தேன்னு சொல்லிட்டுப் போறேன், அதுல என்ன இருக்கு. எரிஞ்ச வெளக்க எரியலன்னு எப்புடிச் சொல்றது?"

பழுது பார்க்கிற வேலையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் எதிரும் புதிருமாகச் சொன்னால், இருவருமே உண்மை சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குவேன். கேப்டன் போனால் எரியாது. அண்ணன் தனியாகப் போனால் எரியும். இரண்டும் உண்மையானால், இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வேறாக இருக்கிறது. அந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் போதும்.

முதலில் விளக்கு எப்படி எரிகிறது என்று பார்ப்போம். வீட்டில் பிரிட்ஜைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறதல்லவா, அதே சங்கதிதான். கதவு விளிம்பில் ஒரு சின்னக் குமிழ் சுவிட்ச் இருக்கிறது. கதவை மூடினால் அது குமிழை அழுத்தும். மின்சாரம் போகும் பாதை அறுந்துவிடும். கதவு திறந்தால் குமிழ் வெளியே வரும், பாதை சேர்ந்துகொள்ளும், விளக்கு எரியும்.

பிரிட்ஜுக்கும் விமானத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மின்சாரம் பேட்டரியிலிருந்து புறப்பட்டு, விளக்கு வழியாக ஓடி, திரும்பவும் பேட்டரிக்கே வந்து சேர வேண்டும். போக ஒரு வயர், வர ஒரு வயர். எடையைக் குறைப்பதற்காக விமானத்தில் அந்தத் திரும்பி வரும் வயரை விட்டுவிடுவார்கள். விமானத்தின் அலுமினிய உடம்பே திரும்பும் பாதை. முன் பலகை விளக்கிலிருந்து ஒரே ஒரு வயர் கிளம்பி, இருக்கைகளுக்கு அடியில் தரையோடு ஓடி, பின்கதவு சுவிட்சுக்குப் போகிறது. சுவிட்ச் அதை உடம்போடு சேர்த்தால் விளக்கு எரியும். டிராக்டரிலும் இதே ஏற்பாடுதான் என்பதால் அண்ணனுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "பாடி எர்த்து" என்று அவரே முடித்துவிட்டார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. சுவிட்ச்தான் வயரை உடம்போடு சேர்க்க வேண்டும் என்பதில்லை. வழியில் எங்காவது வயரின் மேலுறை தேய்ந்து, உள்ளே இருக்கும் செம்பு அலுமினியத்தில் பட்டாலும் விளக்கு எரியும். கதவு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதெல்லாம் விளக்குக்குத் தெரியாது. பாதை சேர்ந்ததா, இல்லையா என்பது மட்டுமே தெரியும்.

முதல் முறை எரிந்தபோதே செல்வக்குமார் சுவிட்சை மாற்றிவிட்டான். புது சுவிட்சிலும் எரிந்ததால் குற்றவாளி சுவிட்ச் இல்லை. மீட்டரின் ஒரு முனையை வயரிலும் மறு முனையை உடம்பிலும் வைத்தேன். இரண்டும் சேர்ந்தால் மீட்டர் கீச்சிடும். கதவை மூடிவிட்டு ஆட்டினோம், தட்டினோம், எஞ்சினை ஓட்டி விமானத்தை நடுங்கவிட்டோம். மீட்டர் வாயே திறக்கவில்லை. வலது இருக்கை காலியாக இருப்பதுதான் காரணமோ என்று செல்வக்குமாரை அதில் ஏற்றி இறக்கி ஏற்றினேன். தன்னை இப்படி ஏற்றி இறக்கினால் மத்தியானச் சாப்பாடு தனியாக வேண்டும் என்று சொன்னானே தவிர, மீட்டர் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அண்ணனை வரச் சொல்லி, விளக்கு எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்று கேட்டேன். எரிந்ததைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டிருந்தார்கள். அணைந்ததை யாரும் கேட்கவில்லை. அவர் யோசித்துவிட்டு, இறங்கி பிரேக் போட்டதும் அணைந்தது என்றார். இரண்டு தடவையுமா என்றேன். இரண்டு தடவையும்தான்.

எனக்குக் குஷி வந்துவிட்டது. ஏறும்போது மூக்கு மேலே தூக்கியிருக்கும், விமானத்துக்குள் இருக்கும் தளர்ந்த பொருள் எதுவும் பின்னால் சரியும். பிரேக் போட்டால் முன்னால் சரியும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு இது தெரியும். அப்படியானால் எதுவோ ஒன்று பின்னால் போய் வயரைத் தொடுகிறது. முன்னால் வந்து விட்டுவிடுகிறது.

ஆனால் விமானத்துக்குள் தளர்ந்த பொருள் ஒன்றுமே இல்லை. தண்ணீர் பாட்டில் பிடிமானத்தில் இருந்தது. தீயணைப்பான் கட்டியிருந்தது.

"அண்ணே, ஏறி உக்காருங்க. தனியா போறப்ப என்னென்ன செய்வீங்களோ அம்புட்டையும் ஒண்ணு விடாம செஞ்சு காட்டுங்க" என்றேன். கேப்டனும் வந்து இறக்கைப் பக்கம் கைகட்டி நின்றார்.

அண்ணன் ஏறினார். கதவைச் சாத்தினார், பெல்ட்டை மாட்டினார், வரைபடத்தைத் தொடையில் கட்டிக்கொண்டார். பிறகு அவர் கை காலை நோக்கிக் கீழே போனது. பாதியில் நின்றது. கேப்டனை ஒரு பார்வை பார்த்தார். கை மேலே வந்து சாவியைத் தொட்டது. நான் அதைப் பார்த்தேன். ஆனால் கால் அரித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் இறங்கியதும் வலது இருக்கையைக் கழற்றி எடுத்துவிட்டு, டார்ச்சோடு தரையில் படுத்தேன். வயர்க் கட்டு அந்த இடத்தில்தான் இருக்கைத் தண்டவாளத்தைக் கடக்கிறது. கட்டைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் ஒன்று தளர்ந்து, கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு போல்ட்டின் முனை. கட்டின் வெளிப்புற வயரில் நகக்கீறல் அளவுக்கு மேலுறை தேய்ந்து செம்பு மினுங்கியது. கதவு வயர்தான். போல்ட்டுக்கும் செம்புக்கும் நடுவே நூல் நுழையும் இடைவெளி.

"அம்புட்டுத்தானேக்கா, டேப்பச் சுத்திட்டு வருவோம்" என்றான் செல்வக்குமார்.

டேப்பைச் சுற்றினால் விளக்கு எரியாதுதான். ஆனால் அந்த நூல் இடைவெளியை மூடியது எது என்று தெரியாமலே போய்விடும். கேப்டனுக்கும் தெரியாது. அண்ணன் பயந்தார் என்ற பேச்சும் அப்படியே நிற்கும். டார்ச்சை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். வயர்க் கட்டுக்குக் கீழே, வழுவழுப்பான தரைவிரிப்பின் மேல், காய்ந்த கரிசல் மண்கட்டி ஒன்று கிடந்தது.

மழைக்காலத்தில் எங்கள் ஊர்க் கரிசல் யாரையும் விடாது. ஷூவைப் பிடித்தால் வீடு வரை வரும். விமானத்துக்குள் மண் கிடப்பதில் அதிசயமில்லை. ஆனால் இருக்கைக்கு அடியில், அதுவும் பின்பக்கம், யாருடைய காலும் போக முடியாத இடத்தில் எப்படி வந்தது? கட்டியை எடுத்துத் திருப்பினேன். ஒரு பக்கத்தில் நெளிநெளியாக அச்சு விழுந்திருந்தது.

"அண்ணே, ஒங்க ஷூவோட அடிப்பக்கத்தக் காட்டுங்க" என்றேன்.

அவர் காட்டவில்லை. அதற்கு முன்பே முகம் காட்டிவிட்டது. பிறகு ஒரு காலைத் தூக்கினார். மண்கட்டியை வைத்துப் பார்த்தேன். குதிகால் பள்ளத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

கேப்டன் கையைப் பிரித்தார். "கழட்டி வெச்சீங்களா? ஷூ போட்டுதான் ஓட்டணும்னு முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க கேப்டன். நீங்க இருக்கறப்பப் போட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன்."

"நான் இல்லாதப்ப?"

அண்ணன் விமானத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "எங்க வீட்டுல களத்துல சோளம் கெடந்தாலும் கெடக்காட்டியும் செருப்போட ஏற மாட்டோம். கடையில புது டிராக்டர் எடுக்கறவுக மொத தடவ வெறுங்காலோடதேன் ஏறுவாக. இது அதுக்கும் மேல போற சாமான். எப்புடி கேப்டன் மிதிக்கிறது? நீங்க பக்கத்துல இருந்தா ஒங்களுக்காகப் போட்டுக்கிருவேன். தனியா போறப்ப மனசு கேக்கல. கழட்டி அந்தச் சீட்டுக்கு அடியில வச்சுட்டு, எறங்கறப்ப மாட்டிக்கிருவேன்."

செல்வக்குமார் சிரிப்பு வந்து இறக்கைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். எனக்கும் வந்தது. ஆனால் ஒரு வேலை பாக்கி இருந்தது. இதுவரை எங்களிடம் இருந்தது ஒரு கதைதான். கோளாறைக் கண் முன்னால் வரவழைத்தால்தான் அது காரணம் ஆகும்.

இருக்கையைத் திரும்ப மாட்டினோம். அண்ணன் ஏறி உட்கார்ந்து, இந்த முறை உண்மையாகவே ஷூவைக் கழற்றி வலது இருக்கைக்கு அடியில் வைத்தார். மின்சாரத்தைப் போட்டார். விளக்கு எரியவில்லை. செல்வக்குமார் பின்னால் போய், வாலில் அழுத்தலாம் என்று குறித்திருக்கும் இடத்தில் தன் எடையை வைத்து அழுத்தினான். விமானம் மூக்கைத் தூக்கியது. எஞ்சின் நடுக்கத்துக்குப் பதிலாக லேசாக ஆட்டச் சொன்னேன். உள்ளே 'சர்' என்று ஒரு சத்தம், அப்புறம் 'டக்' என்று ஒன்று. முன் பலகையில் மஞ்சளாகக் கதவு விளக்கு எரிந்தது.

பின்னால் சரிந்த ஷூ, தொங்கிய வயர்க் கட்டைப் போல்ட்டோடு சேர்த்து அழுத்தியிருந்தது. கேப்டன் குனிந்து ஜன்னல் வழியே விளக்கைப் பார்த்தார். நிமிர்ந்து கதவைப் பார்த்தார். மூடியிருந்தது.

செல்வக்குமார் வாலை விட்டான். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நானும் அவனும் விமானத்தைப் பத்தடி தள்ளிக்கொண்டு ஓடினோம். அண்ணன் சட்டென்று பிரேக் போட்டார். உள்ளே ஷூ முன்னால் வழுக்கியது. விளக்கு அணைந்தது. மேலே நடந்ததெல்லாம் அப்படியே தரையில் நடந்தது.

"எரிஞ்சிருக்கு. நீங்க சொன்னது சரிதான். நான்தான் வேற மாதிரி நினைச்சுட்டேன்" என்றார் கேப்டன். அண்ணன் முகம் மலர்வதற்குள் அடுத்ததையும் சொன்னார்: "அது பின்னால சரிஞ்சதால விளக்கோட போச்சு. பிரேக் போட்டப்ப முன்னால வந்து உங்க பெடலுக்கு அடியில மாட்டியிருந்தா?"

அண்ணன் பெடலைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். "அது எனக்குத் தோணல கேப்டன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் சிரிப்பு இல்லை.

தேய்ந்த துண்டை வெட்டி எடுத்துப் புது வயர் இணைத்து, மேலே உறை போட்டு, கட்டைப் போல்ட்டிலிருந்து விலக்கிப் புதுக் கிளிப்பில் மாட்டினேன். பிறகு அதே சோதனையை மறுபடி செய்தோம். ஷூ, வால், ஆட்டம், சர், டக். விளக்கு எரியவில்லை. சின்ன விமானத்துக்குள் எத்தனையோ பேர் ஏறி இறங்கியிருக்கிறார்கள். அந்தக் கிளிப் தளர்ந்ததை ஒரு ஜோடி ஷூதான் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

நான் வேலை செய்கிற நேரமெல்லாம் அவர்கள் இருவரும் கொட்டகை நிழலில் ஷூவைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஷூவைத் தரையிலேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்றார் அண்ணன். எங்காவது கருவேலங்காட்டில் இறங்க நேர்ந்தால் முள்ளில் எப்படி நடப்பீர்கள் என்றார் கேப்டன். அண்ணனிடம் அதற்கும் ஒரு பதில் இருந்தது. நல்ல களமாகப் பார்த்து இறங்குவேன் என்றார். கடைசியில் கேப்டன் இரண்டையும் பிரித்துப் பார்த்தார். ஷூ போட்டு ஓட்ட வேண்டும் என்பது தன்னுடைய விருப்பம், கட்டாமல் எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்பது விதி. விருப்பத்தை விட்டுக்கொடுக்கலாம், விதியை முடியாது. ஆகவே தடித்த காலுறையோடு ஓட்டலாம். ஷூ பின்னால் சாமான் அறையில், வலைக்குள் கட்டியிருக்க வேண்டும்.

அன்று பிற்பகல் முத்துப்பாண்டி அண்ணன் தன் ஷூவைச் சாமான் அறையில் கட்டி, கதவைச் சாத்தி, இழுத்துப் பார்த்துவிட்டு, காலுறையோடு நடந்து போய் ஏறினார். விமானம் ஓடி, எழும்பி, மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. மலை தெரிகிற நேரம் வந்தது. நான் வேறு வேலை பார்ப்பதுபோல ஒரே ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேப்டன் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். அது கொஞ்ச நேரம் சும்மா இரைந்தது. பிறகு யாரும் கேட்காமலே அண்ணன் குரல் வந்தது. கதவு விளக்கு எரியவில்லை, சாத்தூருக்குப் போகிறேன் என்று சொன்னது.

போனார். வெயில் சாயத் தொடங்கும்போது தெற்கேயிருந்து ஒரு புள்ளியாக வந்து, சுற்றி, அலுங்காமல் இறங்கினார். கொட்டகை வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காலுறையோடு குதித்து, நேரே பின்பக்கம் ஓடிச் சாமான் கதவைத் திறந்து ஷூவை எடுத்தார். கேப்டன் பேனாவைத் திறந்துகொண்டே எதிரே நடந்தார்.

எனக்கு என்னவோ விமானத்துக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றியது. முன் பலகையில் கதவு விளக்கு மஞ்சளாக, நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை கதவு நிஜமாகவே திறந்திருந்தது.

"கேப்டன், வெளக்கு எரியுது" என்றேன்.

அவரும் வந்து எட்டிப் பார்த்தார். விளக்கு எரிகிறதென்றால் அண்ணன் பேட்டரியை அணைக்காமல் இறங்கிவிட்டார் என்று அர்த்தம்.

"முத்துப்பாண்டி சார்" என்று கூப்பிட்டார். "பேட்டரிய யார் வந்து அணைக்கறது? திங்கட்கிழமை தேர்வாளர் முன்னால இப்படிச் செஞ்சீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஒரு காலில் ஷூவும் மறு காலில் காலுறையுமாக அண்ணன் நொண்டியடித்து ஓடி வந்தார். கேப்டன் இறக்கையைப் பலகையாக்கி, தாளை அதன்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.